எதை அமத்தினாலும் நீ

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து ஒழுங்கை வீட்டிலிருந்து வந்தது. றிஸானா தன் மடிகணினியில் தேடிப் பிடித்த ஒரு பிழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். முடிவில், "நீங்கதான் கதை எழுதுற. இதையும் எழுதுங்க ராத்தா. ஆனா எங்கட இவரக் கெட்டவராக்கிரப்படாது" என்றாள். (ராத்தா என்றால் அக்கா; இவர் என்றால் அவள் கணவர்.) அந்த நிபந்தனையோடுதான் தொடங்குகிறேன்.

முதல் தொடக்கம்: காத்தான்குடி ஆத்தங்கரையில் மாலை வெயில் தண்ணீரின் மேல்—

இல்லை. வெயிலுக்கு இதில் வேலை கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: வெளிநாட்டில் கணவனை விட்டிருக்கும் பெண்களின் வாழ்க்கை—

இப்படித் தொடங்கினால் கட்டுரையாகிவிடும். நேராகவே சொல்கிறேன்.

2

றிஸானாவின் கணவர் றமீஸ் கத்தாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு: அக்ரம், நிஸ்றா. அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு றிஸானா இணையத்தில் ஜாவாஸ்கிரிப்ட் படித்தாள். தானே ஒரு வலைப்பக்கம் செய்யத் தெரிந்ததும், முதல் பக்கத்தை றமீசுக்காகச் செய்தாள்.

அதில் நான்கு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொத்தான். ஆத்தங்கரைப் படத்தின் பொத்தானை அமர்த்தினால் ஆற்றுக் காற்றின் இரைச்சல். அக்ரமின் படத்தில் அவன் ஓதுவது. நிஸ்றாவின் படத்தில், "வாப்பா, ஆடு குட்டி போட்டிரிக்கி. நீங்கதான் பேர் வைக்கணும். நீங்க சொல்லுமட்டும் நாங்க ஒரு பேரும் வைக்கமாட்டம்!"

கடைசிப் படம் றிஸானா. எவ்வளவோ பேச நினைத்துப் பதிவைத் தொடங்கியவளுக்கு, "எப்ப வாறீங்க?" என்பதற்கு மேல் வரவில்லை.

(வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வாட்ஸ்அப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் அனுப்பிய குரல், விடிந்தால் யார் யாரோ அனுப்பும் வாழ்த்துப் பூக்களுக்கு அடியில் போய்விடும். கீழே இறங்கிப் போகாத ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது.)

அனுப்புவதற்கு முன் ஒரு பொத்தானைத்தான் அமர்த்திப் பார்த்தாள், தன்னுடையதை. சரியாகப் பேசியது.

3

"பாத்தன். நல்லாரிக்கி" என்று மட்டும் றமீஸ் எழுதினார்.

அதற்குப் பிறகு அவருடைய அழைப்புகள் சுருங்கின. சாப்பாடு, வெயில், பிள்ளைகளின் படிப்பு, அவ்வளவுதான். முன்பெல்லாம் போன் அடித்தால் ஓடி வரும் நிஸ்றா, பேர் வருமென்று பார்த்துப் பார்த்து, பிறகு கூப்பிட்டாலும் வருவதில்லை. "வாப்பாட்ட எனக்குக் கதைக்க ஒண்டுமில்ல" என்றாள். குட்டி பேரில்லாமலே புல் மேயத் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு றமீஸ் மேல் சந்தேகம் வந்தது. றமீசுக்குக் குடும்பம் அலுத்துப்போய்— என்று எழுதினேன். வாசித்த றிஸானா என் பேனையை வாங்கித் தானே வெட்டினாள்.

"அவர் அப்பிடி ஆளில்ல ராத்தா."

"அப்ப ஏன் புள்ளைக்குப் பதில் சொல்லல்ல?"

"அதத்தான் நானும் கேட்டன்."

4

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கேட்டிருக்கிறாள்.

"குட்டிக்கு ஒரு பேர் சொல்ல உங்களுக்கு நேரமில்லையா?"

"எந்தக் குட்டி?"

"நிஸ்றா கேட்டிரிக்காளே. அவள்ற பொத்தான நீங்க அமத்தவே இல்லையா?"

"எல்லாத்தையும் அமத்தினன். எதை அமத்தினாலும் நீதான். ஆத்தங்கரைய அமத்தினாலும் 'எப்ப வாறீங்க?' அக்ரம அமத்தினாலும் 'எப்ப வாறீங்க?' நீ வேணுமெண்டுதான் செஞ்சிரிக்காய் எண்டு நினைச்சன்."

றமீஸ் நிறுத்தவில்லை.

"வர ஏலாதவனுக்கிட்ட எத்தன தரம் கேக்கிற, புள்ள?" என்றார். பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

[றமீஸ் அந்தப் பவுசருக்குள் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று எழுதப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் தலையை— நான் பார்க்கவில்லை. விட்டுவிடுகிறேன்.]

5

அவள் அழுதாள், பிறகு மடிகணினியைத் திறந்தாள்.

நிரலில், ஒரே கட்டளை நான்கு தரம் சுற்றி நான்கு பொத்தான்களைத் தயாரிக்கும் இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் யாருடைய குரல் என்று திரையில் எழுதிக் காட்டச் சொன்னாள். ஆறு, அக்ரம், நிஸ்றா, றிஸானா. நான்கும் சரி. பிறகு, பொத்தானை அமர்த்தும்போதும் எழுதிக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக அமர்த்தினாள். றிஸானா. றிஸானா. றிஸானா. றிஸானா.

"எவ்வளவு அழகு! பாட்டு மாதிரி இரிக்கி" என்றேன், அவள் இதைச் சொல்லிக் காட்டியபோது.

"இது பாட்டில்ல ராத்தா, பிழை" என்று விளக்கினாள். "குரல வெக்கிற பெட்டிக்கு மாறி எண்டு பேர். அதுக்கு முன்னால 'வார்' (var) எண்டு போட்டிட்டன். அப்பிடிப் போட்டா அது அந்தச் சுத்துக்குள்ள அடங்கி நிக்காது. நாலு பொத்தானுக்கும் சேத்து ஒரே பெட்டி. ஆத்த வெச்சன், அதுக்கு மேல அக்ரம், அதுக்கு மேல நிஸ்றா. கடைசியா வெச்சது என்ட குரல். அவர் அமத்தக்குள்ள பெட்டியில நான் மட்டும்தான் இரிக்கன்."

"இப்ப?"

"'லெட்' (let) எண்டு மாத்தினாச் சரி. ஒவ்வொரு சுத்துக்கும் தனிப் பெட்டி."

ஒரு சொல்தான். மாற்றினாள். ஆத்தங்கரையை அமர்த்தினாள். மடிகணினிக்குள்ளிருந்து காற்று இரைந்தது. அவள் காதைக் கொண்டுபோய் அதனருகே வைத்துக்கொண்டாள்.

6

முடிவுக்கு என்னிடம் இரண்டு இருந்தன.

(அ) றமீஸ் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். றிஸானா வாசித்துவிட்டு, "இத அவர் பாத்தா பாவம்" என்றாள். வெட்டினேன்.

(ஆ) அவள் பிழையைத் திருத்தாமலே விடுகிறாள். எதை அமர்த்தினாலும் தன் குரலே கேட்கட்டும் என்று. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. "அப்ப நிஸ்றா?" என்று கேட்டாள். அதையும் வெட்டினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். திருத்திய பக்கத்தை அனுப்பி, "பிழை என்ட கையால வந்தது, மறுகா அமத்திப் பாருங்க" என்று எழுதினாள். அன்று பின்னேரமே றமீசின் குரல் வந்தது. "மகள், வாப்பாக்கு இண்டைக்குத்தான் கேட்டிச்சி. பேரில்லாம நிண்ட ஏழைதானே, குட்டிக்கு மிஸ்கீன் எண்டு வைங்க." நிஸ்றா அதைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். குட்டி இதற்குள் கொம்பு முளைத்து, வேலியை முட்டிக்கொண்டிருந்தது.

றிஸானாவுக்கு வேறொன்று எழுதியிருந்தார்: 'எல்லாம் கேட்டன். உன்ட பேச்ச மட்டும் மாத்து. வேற என்னவும் சொல்லு.'

வருகிற திகதியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் முடியாமல் அவரால் வர முடியாது.

அவள் என்னிடம் வந்தாள். "நீங்க எழுதுறவங்கதானே. 'எப்ப வாறீங்க' எண்டு கேக்காம நான் என்னத்தச் சொல்ற?"

எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். இங்கு எல்லோரும் சுகம்— "கடிதம் மாதிரி" என்றாள். நீங்கள் இல்லாத வீடு— "அவருக்கு அது தெரியும்." எனக்கு அதற்கு மேல் வரவில்லை. எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியவள் நான்.

கடைசியில் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் குசினியில் அடுப்படியோரம் இருந்தேன். பேச்சின் தொடக்கம் கேட்டது; பிறகு குரல் தணிந்துவிட்டது. நெடுநேரம் பேசினாள். வெளியே வந்து முகம் கழுவினாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கேட்டதை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை வைக்கிறேன். மிச்சத்தை, தூரத்தில் ஆளை வைத்திருக்கும் நீங்கள் யாராவது சொல்லுங்கள்:

"இஞ்சருங்க, நான்