இடது முழங்காலின் வருகைப் பதிவு

ஹெப்சிபாவின் இடது முழங்காலுக்கு வருகைப் பதிவு குறைந்துவிட்டது. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் போதுமான அளவு இருந்தது. தலைக்கு நல்ல வருகை. வலது கைக்கு அதைவிட நல்ல வருகை. துறைத் தலைவர் தாணுமூர்த்தி இதை வகுப்பிலேயே வாசித்தார்.

"இடது முழங்கால் பரீட்சை எழுத முடியாது. மத்ததெல்லாம் வரலாம்."

அவள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்தாள். சிறு வயதிலேயே மூட்டுவாதம் வந்தவள். முதலாண்டில் ஒருநாள் தாமதமாக வந்து, "கால் வரல சார்" என்று சொல்லியிருந்தாள். தாணுமூர்த்தி நேர்மையான மனிதர். சொன்னதை அப்படியே பதிந்துகொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் உறுப்பு உறுப்பாக வருகை எடுத்தார்கள்.

"தலை?"

"வந்திருக்கு சார்."

"இடது முழங்கால்?"

"வீட்ல இருக்கு சார்."

அது வீட்டில்தான் இருந்தது. வலிக்கிற நாட்களில் காலையிலேயே வர மாட்டேன் என்று சொல்லிவிடும். அம்மா செல்வக்கனி அதை வெந்நீர்த் துணியில் சுற்றி, தையல் மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். ஹெப்சிபா மிச்சத்தோடு பஸ் ஏறுவாள். நடுவில் இருந்த இடைவெளியைச் சுடிதார் மறைத்துக்கொண்டது. கண்டக்டர் ஒன்றும் கேட்டதில்லை.

போன செமஸ்டரில் முழங்காலை வம்படியாக இழுத்துக்கொண்டு போனாள். அது வந்தது. எல்லா வகுப்பிலும் உட்கார்ந்தது. பிறகு இளநீர்க் காய் மாதிரி வீங்கியது. அதற்கப்புறம் பல வாரம் அவளுடைய எந்த உறுப்புமே கல்லூரிக்குப் போகவில்லை. லேப் பரீட்சை போயிற்று. இனி எதையும் இழுத்துக்கொண்டு போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"ஏட்டி, அப்பமே சொன்னேம்லா, தபால்ல படின்னு," என்றாள் அம்மா. "எல்லாம் ஒண்ணா வீட்லயே கெடந்திருக்கும்லா."

"எனக்கு லேப்தாம்மா பிடிச்சிருக்கு. தபால்ல ஆசிட் அனுப்ப மாட்டாங்க."

அவள் துறைத் தலைவரைப் பார்க்கப் போனாள். அவருடைய அறை அன்று வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்று மூச்சு வாங்கினாள். அறையும் நின்றது. உள்ளே போய்விட்டாள்.

"முழங்காலுக்கு விலக்கு வேணும் சார். வலிக்கிற நாள்ல அது வராம இருக்கலாம்னு."

"அதுவே வந்து கேக்கணும்."

"அதால வர முடியலங்கறதுதான் சார் விஷயமே."

"அப்போ வர முடிஞ்ச நாள்ல வந்து, வர முடியலன்னு சொல்லட்டும்."

"வந்து நின்னு சொன்னா நம்புவீங்களா சார்?"

அவர் யோசித்தார். "மாட்டேன்."

"பரீட்சை ஹால் மூணாவது மாடி. முழங்கால் இல்லாம நான் எப்படி ஏறுவேன்?"

"அத ஹால்ட்டதான் கேக்கணும்."

வெளியே வந்தாள். இந்த செமஸ்டரும் போனால் மூன்றாமாண்டு கிடையாது. ஆனால் தலை அன்றைக்கு முழுசாக வந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. இறங்குவதற்குள் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

மறுநாள் வருகை எடுக்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், எல்லாருக்கும் இப்படியே எடுங்க."

"எதுக்கு?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான சார்?"

அவர் பதிவேட்டை முதல் பெயருக்குத் திருப்பினார். எடுத்தார்.

பிரகதீஷின் கண்கள் வந்திருந்தன. காதுகள் வரவில்லை. சுல்தானாவின் வயிறு கேன்டீனில் இருந்தது. கார்மேகத்தின் தலை அட்மிஷன் அன்றைக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு வரவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்கூட அதைக் கவனித்ததில்லை. கடைசி பெஞ்சில் முழங்கைகள் மட்டும் இருந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும். அந்த ஆளுக்கும் காது இல்லை.

"உங்களுக்கும் எடுக்கணும் சார்," என்றாள் ஹெப்சிபா.

அவர் தம்மையே கூப்பிட்டார். குரல் இருந்தது. கண்ணும் இருந்தது.

"முதுகு?" என்று கேட்டுவிட்டு நின்றார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். சட்டைதான் இருந்தது.

"எப்ப இருந்து சார்?"

"தெரியலம்மா. நாற்காலியில சாஞ்ச ஞாபகமே இல்ல." மேடை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "நான் ஒருநாள்கூட லீவு போட்டதில்ல."

ஹெப்சிபா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அது எங்கயாச்சும் படுத்திருக்கும் சார்," என்றாள். "வலிச்சா விட்டுடணும். திரும்பி வரும்."

"யார்ட்ட அனுமதி கேக்கணும்?"

"அதுட்டயே கேளுங்க."

அன்று மாலை அவரே அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறை இந்த முறை வகுப்பு வாசலுக்கே வந்து நின்றது. எந்த உறுப்பும் முடிகிற நாளில் வரலாம், விட்ட பாடம் வரும்போது நடத்தப்படும் என்றார். அவள் தலையசைத்தாள்.

"ரெக்கார்டு நோட்டு வெள்ளிக்கிழமை வைக்கணும் சார். மணிக்கட்டு வருது, வேலைதான் செய்யல. திங்கக்கிழமை வேணும்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். "திங்கக்கிழமையெல்லாம் குடுத்தாச்சே." இழுப்பறையின் அடிவரை துழாவினார். "சரி, என்னோடத எடுத்துக்கோ. நான் அதுல பெரிசா ஒண்ணும் பண்றதில்ல."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஓரத்தில் கொஞ்சம் கசங்கியிருந்தது. மற்றபடி நல்ல கிழமை. அதில் உட்கார்ந்து ரெக்கார்டை முடித்தாள். தாணுமூர்த்தி ஞாயிறிலிருந்து நேராகச் செவ்வாய்க்குப் போனார். செவ்வாயன்று அவருடைய சட்டை பின்பக்கம் லேசாக நிரம்பியிருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் ஹெப்சிபா மாடிப்படியின் அடியில் நின்று, கீழே வர முடியுமா என்று ஹாலைக் கேட்டாள். அது இறங்கி வந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றது.

பரீட்சை நடந்தது. யாருடைய எது வந்திருந்ததோ அது எழுதியது. ஹெப்சிபாவின் வலது கை வேகமாக ஓடியது. ஆறாவது கேள்வியில் இருக்கும்போது வெளியே ஆட்டோ வந்து நின்றது. செல்வக்கனி துணியில் சுற்றிய முழங்காலோடு இறங்கினாள்.

"இன்னைக்கு வாறேன்னு இப்பதான் சொல்லிச்சு சார்."

தாணுமூர்த்தி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஹெப்சிபாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முழங்கால் உட்கார்ந்து, நிதானமாக நீட்டிக்கொண்டது.

ஹெப்சிபா கையை உயர்த்தினாள். "அடிஷனல் ஷீட் சார்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."