ஒன்றரை ஸ்கொயர் நியூட்ரல்

மகள் புறங்கையை ஒயரில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். சுட்டது.

"லைட்டண்ணே, இங்க வாங்க!"

தற்காலிக போர்டைக் கட்டிவிட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த லைட்டுக்காரர், சாவு வீட்டு முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஃபேஸ் ஒயர் ஆறு ஸ்கொயர் தடிமன். நியூட்ரல் மட்டும் ஏன் ஒன்றரை?"

"மூணு ஃபேஸுக்கும் லோடை சமமா பிரிச்சா நியூட்ரல்ல ஒண்ணும் வராதும்மா. ஒன்றரையே அதிகம்."

"பிரிச்சீங்களா? ஐஸ் பெட்டி, கூலரு, டீ பாய்லரு எல்லாம் ஒரே ஃபேஸ்ல. மிச்ச ரெண்டுலயும் நாலு பல்பு. இதுவா சமம்? போன கரண்டு திரும்பி வர்ற வழியே இந்த ஒயருதானே!"

லைட்டுக்காரர் பக்கத்தில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

"ரெண்டு நாளைக்கு எதுக்கு தடி ஒயருன்னு... நான்தாம்மா பேசிக் குறைச்சேன்."

"பேரம் பேச வேற எதுவும் கிடைக்கலையா சித்தப்பா? அதுவும் இந்த வீட்டுல?"

ஃபேஸ் எவ்வளவு தடியோ நியூட்ரலும் அவ்வளவு தடி என்று நாற்பது வருஷம் ஊரோடு மல்லுக்கட்டிய எலக்ட்ரீஷியன்தான் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடந்தார். மகளின் கல்யாண வரவேற்பில்கூட, போட்டோ எடுக்கும் நேரமாகப் பார்த்து மெயினை இறக்கி, அத்தனை பேரையும் இருட்டில் உட்காரவைத்து நியூட்ரலை மாற்றிய மனிதர். அவள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"காலைல மாத்திடலாமே," என்றார் லைட்டுக்காரர்.

"அண்ணன் பிளேன்ல இருந்து இறங்குறதே காலைலதான். அதுக்குள்ள இது கருகி அறுந்தா வோல்டேஜ் தறிகெட்டு ஓடும், பெட்டி பொசுங்கும். அப்புறம் அவன் வந்து எந்த முகத்தைப் பார்ப்பான்?"

பதிலுக்குக் காத்திராமல் மெயினை இறக்கினாள்.

மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. காலையிலிருந்து ஓயாத பெட்டியின் இரைச்சலும் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

"சாவு வீட்டுல இது என்ன கூத்து?" என்றது ஒரு குரல்.

பெட்டியோரம் இருந்த அம்மா தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அவ கல்யாணத்துலயும் இப்படித்தான். உக்காருங்க, இருபது நிமிஷம் ஆகும்."

ஆயிற்று. லைட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியிலிருந்து ஆறு ஸ்கொயர் ஒயரை எடுத்துவந்து முறுக்கினார். டீ பாய்லர் வேறு ஃபேஸுக்குப் போனது. மெயினை ஏற்றியதும் பெட்டி ஒருமுறை குலுங்கி, பழையபடி இரைந்தது.

அரைமணி நேரம் கழித்துப் புறங்கையைப் புது ஒயரில் வைத்தாள். சுடவில்லை.

"இப்பவாவது சரியா?" என்றார் சித்தப்பா.

அவள் உள்ளே போய், அப்பாவின் முகத்துக்கு மேலே கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை அதே புறங்கையால் துடைத்தாள். சில்லென்றிருந்தது.

கையை எடுக்கவில்லை.