பின் கதவைப் பூட்டியவர்

"அந்த மைக்கை யாரு எடுத்தது? கீழ வைங்க!"

பெரியக்கா கூடத்தின் நடுவில் நின்று அதட்டினாள். ஐஸ் பெட்டிக்குள் தம்பி கிடந்தான். கால்மாட்டில் வைத்திருந்த அவனுடைய கைமைக், வாரோடு இன்னொருவர் கழுத்துக்கு ஏறியிருந்தது. ஓய்வுபெற்ற வங்கிக்காரர், தம்பியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வாரமும் தவறாதவர்.

"தெரு கொள்ளாம ஜனம் நிக்குதும்மா. வாத்தியாரைப் பத்தி ரெண்டு வார்த்தை..."

"வாத்தியாரா? எந்தப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தான்?"

எங்கும் எடுத்ததில்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினான். விடுப்பு நாளெல்லாம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்றான். பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவாவது தெரிந்ததா? ஞாயிறுதோறும் ஜனங்களைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய், எந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று மைக்கில் சொன்னான். அதுவரை பெரியக்கா பொறுத்துக்கொண்டாள். பழைய மில் வாசலில் நின்று அவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. மில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த பெண்கள் தப்ப முடியாமல் போனது, பின் கதவு பூட்டியிருந்ததால். பூட்டச் சொன்னவர் மேனேஜர். "அந்த மேனேஜர் என் அப்பா" என்றான், ஊரறிய.

மேனேஜர் என்பதோடு நிறுத்தியிருந்தால் வாய் வலித்திருக்குமா? அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றது.

"பேசுங்க. ஆனா எங்கப்பா பேச்சு இந்த வாசல்ல வரக்கூடாது. வந்துச்சு, மரியாதை கெட்டுடும்."

வங்கிக்காரர் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

பெரியக்கா வாசற்படியில் வந்து நின்றாள். கேட்டருகே நரைத்த தலை ஒன்று தெரிந்தது. வாட்ச்மேன் மகள். தீ விபத்துக்குப் பழி அந்த வாட்ச்மேன் தலையில்தான் விழுந்தது. ஜெயிலுக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

"இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் மகனிடம்.

"மாமாவை ஆஸ்பத்திரியில ராப்பகலா பாத்துக்கிட்டது அவங்கதாம்மா. நீங்கதான் எட்டிக்கூடப் பாக்கல."

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாத்தியார்கிட்ட கதை விட முடியாது," வங்கிக்காரர் தொடங்கியிருந்தார். "எங்க பாத்தீங்க, யாரு சொன்னா, ஆதாரம் இருக்கான்னு கேட்டுக் கேட்டே ஆளைக் கொன்னுடுவாரு. எனக்குக் கல்யாணம் ஆச்சுங்கிறதையே எங்க வீட்டம்மாவை நேர்ல பாத்தப்புறம்தான் நம்பினாரு!"

கூட்டம் சிரித்தது.

"சாவு வீட்ல என்ன இளிப்பு?" என்று பெரியக்கா பல்லைக் கடித்தாள்.

பேச்சு மில்லுக்கு வந்தது. அவர் குரல் இடறியது. படியில் நின்ற பெரியக்காவைப் பார்த்தார். "பின் கதவு பூட்டியிருந்துச்சு. பூட்டினது... அந்தக் காலத்துல வாட்ச்மேன்னு சொன்னாங்க..."

கூட்டம் தரையைப் பார்த்தது. வாட்ச்மேன் மகள் தோள்பையை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனாள்.

பெரியக்கா திரும்பி உள்ளே பார்த்தாள். தம்பி வாய் மூடிக் கிடந்தான். சின்ன வயதில் அவள் கதை சொல்லும்போதுகூட, "நரி கிணத்துக்கு அந்தப் பக்கம்னுதானே நேத்து சொன்னே?" என்று மடக்குவான். திருத்திச் சொல்லும்வரை தூங்க மாட்டான்.

விடுவிடுவென்று படியிறங்கினாள். மைக்கை வாரோடு பிடுங்கினாள். வங்கிக்காரரின் மூக்குக்கண்ணாடி எகிறி விழுந்தது.

"வெக்கமா இல்ல? அவனைப் பக்கத்துல கிடத்தி வச்சுக்கிட்டே பொய் சொல்றீங்க?"

"நீங்கதானேம்மா சொல்லக்கூடாதுன்னு..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! வாட்ச்மேன் மேல தப்பில்ல. எங்கப்பா. பூட்டச் சொன்னது எங்கப்பா. என் தம்பி சொன்னதைச் சொன்னபடி சொல்லத் தெரிஞ்சா பேசுங்க. இல்ல, வாயை மூடுங்க."

அவள் போட்ட சத்தம் மைக் வழியாகத் தெருக்கோடிவரை போய்த் திரும்பியது.

"ஏய், நீ எங்க கிளம்பிட்ட? உள்ள வந்து உக்காரு."

வாட்ச்மேன் மகள் கேட்டின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. போகவுமில்லை.

பெரியக்காவுக்கு மைக்கை எப்படி அணைப்பதென்று தெரியவில்லை. யாரும் வந்து வாங்கவுமில்லை. அதை முகத்தருகே பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். அவள் மூச்சு வாங்குவது தெரு முழுக்கக் கேட்டது.