மாப்புக் கேட்க வந்தவர்

பாயிஸ் ஹஜ்ஜுக்குப் போகப்போகிறார் என்ற செய்தி வந்தபோது நசீறா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று சொன்னாள். "போறதுக்கு முதல் வீடு வீடாப் போய், செய்த பிழைக்கெல்லாம் மாப்புக் கேக்கிறார் ராத்தா. இங்கயும் வருவார். குடுத்திடுங்கோ. உங்கட நெஞ்சுக்கும் நல்லம்."

அந்த நெஞ்சைப் போன கிழமைதான் மன்னாரில் டொக்டர் தக்சிகா ஸ்கான் எடுத்துப் பார்த்து, வீங்கியிருக்கிறது என்றார். கோபமோ பயமோ வந்தால் உடம்பு இரத்தத்தில் ஒரு சுரப்பை விடுமாம். ஆபத்தில் அது நல்லது, ஓடித் தப்பலாம். வருசக்கணக்காக ஓயாமல் சுரந்தாலோ இதயத் தசை தடித்து, இறுகி, கடைசியில் இரத்தத்தைத் தள்ள வலுவில்லாமல் போய்விடுமாம். "மருந்து தாறன் அம்மா. மருந்து மட்டும் காணாது. மனசில எதையோ வச்சுக்கொண்டிருக்கிறீங்கள், அதை விடுங்கோ," என்றார். சொல்வது சுகம்.

வருசங்களுக்கு முன்பு மகள் றுமைஸாவைப் பாயிஸ் தன் தம்பிக்குப் பெண் கேட்டார். நசீறா மறுத்துவிட்டு வேறு இடத்தில் பேசி முடித்தாள். பந்தல் போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. பெண்ணுக்கு வலிப்பு, மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவர்கள் காதில் பாயிஸ் போட்டிருந்தார். தலையிடிக்குக்கூட மருந்து குடிக்காத பிள்ளை அது. அதற்குப் பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. றுமைஸா இப்போது குவைத்தில் யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாள், ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்கிறாள். பாயிஸ் மட்டும் கல்லுக்குண்டாட்டம் திரிகிறார். அநியாயம் செய்தவருக்கு ஒன்றுமில்லை, பட்டவளுக்கு இதயம் வீங்குகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அசர் தொழுகை முடிந்து பாயிஸ் வந்தார். மனைவி நிஸ்லாவும் கூட வந்திருந்தாள். நசீறா இருவருக்கும் கதிரை போட்டாள்.

"ராத்தா, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை விட்டிருந்தா மாப்புத் தாங்கோ."

எல்லா வீட்டிலும் சொன்ன அதே வசனம். எல்லா வீட்டிலும் தந்தோம் என்று சொல்லி, எங்களுக்காகவும் துஆக் கேளுங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். இவளும் ஒரு சொல் சொன்னால் போதும், அவர் பாரமில்லாமல் விமானம் ஏறுவார். இவளும் இன்றிரவு நிம்மதியாகப் படுக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. நசீறா அதை விழுங்கினாள்.

"எதுக்கு?"

"என்ன ராத்தா?"

"எதுக்கு மாப்பெண்டு கேட்டனான். செய்ததைச் சொல்லிக் கேளுங்கோ, தாறன்."

பாயிஸ் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பழசை ஏன் கிளறுவான்?"

நசீறாவின் நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. டொக்டர் சொன்ன சுரப்புத்தான். பாயட்டும் என்று விட்டாள். இத்தனை வருசமாக அவளையே தின்றது, இன்றைக்காவது அவளுக்கு உதவட்டும்.

"உங்கட பெண்சாதிக்குத் தெரியாதோ? இப்ப சொல்லுங்கோ. நான் எங்கயும் போகேல்ல, காத்திருக்கிறன்."

பாயிஸ் எழும்பி வாசலுக்குப் போனார். "வா நிஸ்லா. இன்னும் வீடுகள் கிடக்கு."

நிஸ்லா எழும்பவில்லை. கதிரையின் கையை இறுகப் பிடித்தபடி புருசனைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோவன்," என்றாள். "எதுக்கு?"

ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி பாயிஸ் வாசலில் நின்றார். மற்றக் கால் நிலத்தில் செருப்பைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.