இரண்டாவது படுக்கை

பிக்அப்மேல் ஏற்றிவைக்கிற கேம்பர் வீடு ஒன்று வாங்கலாம் என்று முதலில் சொன்னது ஆரின். சண்டை போட்டது நான். இது எங்கள் வீட்டு வழக்கம்தான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக அவன் ஒன்றைச் சொல்வான், நான் அதை அடித்து நொறுக்குவேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அதையே செய்வோம்.

ஆரினுக்கு இடுப்பு மூட்டு மாற்றியபிறகு டென்ட் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கடைசியாக வல்லோவா மலைக்கு ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கப் போனபோது, காலையில் அவனைத் தரையிலிருந்து எழுப்புவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பக்கத்து டென்ட்காரன் ஓடிவந்து ஒரு கை கொடுத்தான். அதோடு மலைக்குப் போவது நின்றது.

மலையை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இரண்டு குளிர்காலமாக நானும் ஆரினும் தனித்தனி அறையில் தூங்குகிறோம்.

தூக்கத்தில் அவனுக்கு அவ்வப்போது மூச்சு நின்றுவிடும். முன்பெல்லாம் முழங்கையால் விலாவில் ஒரு இடி கொடுப்பேன்; மூச்சு திரும்ப வந்துவிடும். எத்தனையோ வருடம் அந்த வைத்தியம்தான் நடந்தது. பிறகு டாக்டர் ஒரு மெஷின் கொடுத்தார். மூக்கில் மூடி, மூடியிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், விடிய விடிய உஸ் உஸ் என்று சத்தம். மூன்றாம் நாள் தூக்கம் கெட்ட ஆத்திரத்தில், "விண்வெளிக்குப் போறவன்கூட படுத்த மாதிரி இருக்கு" என்று கத்திவிட்டேன். மறுநாள் ஆரின் மெஷினைத் தூக்கிக்கொண்டு பையன் காலி செய்துவிட்டுப் போன அறைக்குப் போய்விட்டான்.

அவன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு போனான். நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாய் வரவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். எத்தனையோ பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்திருக்கிறேன். புருஷனிடம் "வந்து என் பக்கத்தில் படு" என்று சொல்ல மட்டும் எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த அறையில் அவன் மூச்சு விடுகிறானா இல்லையா என்று இங்கே எனக்கு எப்படித் தெரியும்? அதை நினைத்தே பாதி இரவு போய்விடும்.

அதனால் கேம்பர் என்று அவன் சொன்னதும் வாய் சண்டை போட்டதே தவிர, மனசு துள்ளியது. பிக்அப்பின் பின்தொட்டிக்குள் தூக்கி உட்கார வைக்கிற குட்டி வீட்டில் எத்தனை படுக்கை இருந்துவிடப் போகிறது? ஓட்டுகிறவன் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஒரு படுக்கைதானே?

எங்களுடையது அரை டன் பாரம் தாங்குகிற பச்சை நிறச் சின்ன பிக்அப். மர ஆலையில் ஆரின் வேலை பார்த்த காலத்து வண்டி. பெரிய வண்டியாக மாற்றச் சொல்லாத ஆள் எங்கள் ஊர் லா கிராண்டில் இல்லை. அவன் கேட்டால்தானே. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், எல்லாம் ஏற்றியபிறகு வண்டி மொத்தம் எவ்வளவு எடை வரலாம் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினான். நான், தெர்மாஸில் காபி, எங்கள் நாய் டேட்டர்.

பழைய கேம்பர் விற்பவன் டெரில். என் பேருந்தில் கடைசி இருக்கையில் சூயிங்கம் ஒட்டிவைத்த பயல். இப்போது தலை வழுக்கை, தொப்பை பெல்ட்டுக்கு மேலே வழிகிறது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"வாங்க மிஸஸ் பேக்லி. உங்க வண்டிக்கு ஒத்துவர்றது ரெண்டே ரெண்டுதான் என்கிட்ட இருக்கு. மத்ததெல்லாம் ஏத்தினா அச்சு முறிஞ்சிடும்."

முதலாவது குட்டை. கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். சுற்றிலும் துணிச் சுவர். ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, பூனை மட்டுமே படுக்கக்கூடிய ஒரு பெஞ்சு. மேலே ஒரு படுக்கை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. இரண்டாவது கெட்டிச் சுவர் வைத்தது. உள்ளேயே கழிப்பறை, ஹீட்டர். சாப்பாட்டு மேசையைக் கீழே இறக்கி மெத்தையைப் போட்டால் இன்னொரு படுக்கை.

ஆரின் அந்த மேசையை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். மெத்தையைத் தட்டிப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

"நெட்ரா, இங்க வா, இதைப் பாரு. நீ கீழ நிம்மதியா படுத்துக்க. நானும் மெஷினும் மேல போயிடறோம். சத்தமே கேக்காது உனக்கு."

"எனக்கு அந்தத் துணி வெச்சதுதான் புடிச்சிருக்கு."

"அதுல உனக்கு எங்கடி இடம்?"

"ஏன், மேல எடமில்லையா?"

"மேல நான் இருப்பேன், மெஷின் இருக்கும், குழாய் இருக்கும். ராத்திரி பூரா உஸ்ஸுன்னு... வேண்டாம்மா. உன் தூக்கம் கெட்டா மறுநாள் நான் உயிரோட இருக்க முடியுமா?"

டெரில் பல்லைக் காட்டினான். நான் ஒரு பார்வை பார்த்தேன். பல் உள்ளே போய்விட்டது. டெரில் பக்கத்தில் நிற்கும்போது நான் என்னவென்று சொல்ல? கீழே கிடந்த கூழாங்கல்லைக் காலால் எற்றினேன்.

"ரெண்டாவதுல எடைதான் கொஞ்சம் இழுக்கும். புத்தகத்துல போட்டிருக்கிற எடையை நம்பாதீங்க, அது வெறும் கூடு. தொட்டியில தண்ணி ரொப்பி வண்டியில ஏத்தித் தர்றேன். அரசாங்க எடைமேடையில ஏத்திப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றான் டெரில்.

நெடுஞ்சாலையோரத்து அந்த எடைமேடை லாரிகளுக்கானது. ஆபீஸ் பூட்டியிருக்கும் நாளிலும் மேடையை அணைக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் வண்டியை ஏற்றலாம். சிவப்பு எழுத்துப் பலகையில் எண் வரும். வைக்கோல் ஏற்றுகிறவர்கள், குதிரைக்காரர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள்.

போகிற வழியில் ஆரின் கணக்குப் போட ஆரம்பித்தான்.

"உனக்கு எவ்வளவு போடட்டும்?"

"எனக்கு என்ன எவ்வளவு?"

"எடைடீ."

எங்கள் ஊரில் ஓட்டுநர் உரிமத்திலேயே எடையைப் போடுவார்கள். என் உரிமத்தில் நூற்று முப்பத்தைந்து பவுண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் "மாற்றம் உண்டா?" என்று கேட்பார்கள். நானும் இல்லை என்பேன். கவுண்டரில் இருக்கும் பெண் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்; அவளுடைய உரிமத்திலும் அதே கதைதான் என்பதால் வாயைத் திறக்க மாட்டாள்.

"லைசென்ஸ்ல இருக்கிறதைப் போடு" என்றேன்.

அவன் அதையே கணக்கில் சேர்த்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

எடைமேடைக்குச் சற்று முன்னால், "கால் மரத்துப்போச்சு, நான் இறங்கிக்கறேன்" என்று நிறுத்தச் சொன்னேன். கால் நன்றாகத்தான் இருந்தது. என் எடை அந்தச் சிவப்புப் பலகையில், அதுவும் அரசாங்கச் செலவில், எரிவதற்கு நான் தயாராக இல்லை.

ஆரினும் டேட்டரும் மேடையில் ஏறினார்கள். எண்கள் ஓடி நின்றன. அவன் உள்ளங்கையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, லாட்டரி விழுந்தவன் போலக் கத்தினான்.

"நூத்தி முப்பத்தஞ்சையும் சேத்தாச்சு! அஞ்சு பவுண்டு மிச்சம்! நெட்ரா, உனக்குப் படுக்கை கெடைச்சிருச்சு!"

வண்டியின் பின்பக்கம் குந்திக்கொண்டிருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. அந்த ஜன்னலில் அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்காக ஒரு படுக்கையைத் தேடிப் பிடித்த சந்தோஷம். இந்த மனுஷன் என்னிடமிருந்து இன்னும் தூரமாகப் போவதற்கு இவ்வளவு பாடுபடுகிறான், அதையும் என்மேல் இருக்கும் பிரியத்தில் செய்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் சும்மா இருந்தால் போதும், மானம் தப்பிக்கும். ஆனால் மலையிலும் அவன் மேலே, நான் கீழே. இனி சாகிறவரைக்கும் அப்படித்தான்.

விறுவிறுவென்று நடந்தேன். மேடையில் ஏறினேன். மறுபக்கக் கதவைத் திறந்து, டேட்டரைத் தள்ளிவிட்டு, உள்ளே உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன்.

"என்ன பண்றே?"

"பலகையைப் பாரு."

பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அவன் உள்ளங்கையில் இருந்ததைத் தாண்டிப் போய்விட்டது என்பது மட்டும் போதும்.

"அது வேணாம் ஆரின்" என்றேன். "வண்டி தாங்காது. தாங்கினாலும் வேணாம். எனக்குத் தனிப் படுக்கை வேணாம். உன் பக்கத்துல படுக்கணும்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பின்னால் ஒரு வைக்கோல் லாரி வந்து நின்றது.

"விண்வெளிக்குப் போறவன்னு சொன்னியே" என்றான். குரல் உள்ளே போயிருந்தது.

"கோவத்துல சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். அதை என்ன கல்லுல வெட்டி வெச்சுக்கிட்டியா?"

"நீ தூங்கணுமேன்னுதான்..."

"நான் எங்க தூங்கறேன்? நீ அங்க மூச்சு விடறியா இல்லையான்னு செவுத்துல காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த மெஷினையும் கூட்டிக்கிட்டு வா. மூணு பேருமா படுத்துக்கலாம்."

ஆரின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் தேய்த்தான், கண்ணாடிதான் அழுக்கு என்பது போல. வைக்கோல்காரன் ஹார்ன் அடித்தான்.

"அந்த நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை பேசின..." என்றேன்.

"நான் என்ன பேசப்போறேன்? எனக்குத் தெரியாததா?"

"என்ன தெரியும் உனக்கு?"

"முப்பத்தெட்டு வருஷமா மெத்தை உன் பக்கம்தான் சாயுது. நான் உருண்டு உருண்டு உன்கிட்டதானே வந்து விழுவேன். பையன் ரூம்ல மெத்தை நேரா இருக்கு. அதுதான் எனக்குத் தூக்கமே வரல."

"அப்பறம் எதுக்குய்யா நூத்தி முப்பத்தஞ்சு போட்ட?"

"நீ சொன்னதைத்தானே போட முடியும்? கூட ஒரு பவுண்டு போட்டிருந்தா என்னை நடு ரோட்டுலயே இறக்கி விட்டிருப்பே."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவன் தோளில் ஒரு அடி வைத்தேன். வைக்கோல்காரன் மறுபடி ஹார்ன் அடித்தான். ஆரின் கையை வெளியே நீட்டி அவனிடம், "கொஞ்சம் பொறுப்பா! பொண்டாட்டிகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று கத்தினான்.

டெரிலிடம் திரும்பிப் போய்த் துணிச் சுவர் கேம்பரைத் திறக்கச் சொன்னோம். "படுத்துப் பாக்காம வாங்காதீங்க. அப்பறம் கால் இடிக்குது, தலை இடிக்குதுன்னு என்கிட்ட வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு வேறு யாரோ கூப்பிட்டதால் போனான்.

ஆரினின் இடுப்பை நான் பின்னாலிருந்து தள்ள, அவன் ஒருவழியாக மேலே ஏறினான். அவனுக்கு ஓரம், ராத்திரியில் இறங்க வேண்டியிருக்கும். எனக்குத் துணிச் சுவர் பக்கம். வெயில் துணி வழியாக மஞ்சளாக வந்தது. டேட்டர் கீழே அந்தப் பூனை பெஞ்சில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"கால் இடிக்குதா?" என்றேன்.

"இல்ல."

"மெஷினை எங்க வெப்பே?"

"கால்மாட்டுல. பாட்டரியில ஓடும்."

 திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. பழைய குறட்டை ஆரம்பித்தது, ஏறியது, இறங்கியது, சட்டென்று நின்றது. காத்திருந்தேன். பிறகு முழங்கையால் விலாவில் ஒரு இடி கொடுத்தேன். அவன் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே என் பக்கம் உருண்டு வந்து, கையை என் வயிற்றின் மேல் போட்டான்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. டெரில் வந்து வெளிச்சுவரைத் தட்டினான்.

"மிஸஸ் பேக்லி! என்ன ஆச்சு, புடிச்சிருக்கா?"

"டேய் டெரில், மெதுவாப் பேசு" என்றேன். "என் புருஷன் தூங்கறான்."