மார்கழிக் குல்லா

முத்துமீனாவுக்குக் காது கேட்கவில்லை என்பதை மார்கழி பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அவள் தலையில் குரங்குக் குல்லா இருந்தது. குல்லாவுக்குள் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பனி இறங்குகிற மாதங்களில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பனி காது வழியாகத்தான் உடம்புக்குள் போகும் என்பதில் அங்கே படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்கூட மப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அப்படியிருக்க, பொன்னுக்கு வீங்கி வந்து எழுந்த ஆறு வயதுப் பிள்ளையின் காதை அம்மா நாகஜோதி சும்மா விட்டுவிடுவாளா?

கார்த்திகையில் பள்ளிக்கூடத்தில் அந்த வீக்கம் பரவியது. முத்துமீனாவுக்கு இரண்டு கன்னமும் தாடைவரை உப்பிக் காய்ச்சல் அடித்தது. அம்மை வகையென்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டாள். அந்த வீக்கத்துக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. பழம் வாங்கி வைத்துச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நாகஜோதிக்கு மனம் வரவில்லை. வேன் இருட்டோடு வந்து நிற்கும், பனி வேறு. மூத்தவன் அருள்பாண்டிக்கும் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம். பொங்கல் கழியட்டும், அதுவரை இரண்டு பேருக்கும் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். அவள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி வேலைக்குக் காத்திருக்க ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. தேர்வுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வகுப்பு இது. சிம்மக்கல்லில் மொத்தக்கடையில் நிற்கும் கணவன் செல்வக்குமார் மறுக்கவில்லை.

விடிந்ததும் பாடம் தொடங்கும். அடுப்படிக்கு வெளியே பாய் விரித்து, குல்லாவோடு இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்காருவார்கள். நாகஜோதி ஒரு வரி சொல்லுவாள். பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்லும். அவள் படித்ததும் அப்படித்தான், பயிற்சிக்குப் போன பள்ளியில் பார்த்ததும் அதைத்தான். சத்தம் தெருவரை போகும். முத்துமீனாவின் குரல் அண்ணன் குரலுக்கு ஓர் இழை பின்னால் வரும். அது நாகஜோதிக்கு மழலையாகத் தெரிந்தது.

பிள்ளைகள் பாட்டுச் சொல்வதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கொழுந்தன் அழகுபாண்டி உடனே குரல் செய்தி அனுப்பினான்.

"கவர்மெண்ட் போடாத போஸ்டிங்க மதினி வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டாங்கப்பா. எச்.எம்மும் அவங்கதான், ஆயாவும் அவங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நாகஜோதியும் சிரித்தாள். அந்த வீடியோவைப் பிறகு அவள் பலமுறை போட்டுப் பார்த்தாள். முத்துமீனா ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. முழுக்க அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்வதை எழுதச் சொன்னால்தான் தகராறு. அவள் அண்ணன் சிலேட்டை எட்டிப் பார்த்து எழுதினாள். காப்பி அடிக்கிற புத்தி இப்போதே வரக்கூடாது என்று நாகஜோதி இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக உட்காரவைத்தாள். அன்று முத்துமீனாவின் சிலேட்டில் ஒன்றுமில்லை. ஸ்கேலால் விரல் முட்டியில் ஓர் அடி விழுந்தது. பிள்ளை அழுதது, ஏன் என்று கேட்கவில்லை.

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒருநாள் கணவனிடம் குறைப்பட்டாள். செல்வக்குமார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தான்.

"காதுல பஞ்ச வச்சு, மேல குல்லாவ மாட்டிவிட்டா எனக்கே கேக்காது. அம்புட்டுப் பனியும் போகட்டும். தை பொறந்ததும் கழட்டிட்டுக் கூப்புடு, ஓடி வருவா."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல வெயிலில் குல்லா இல்லாமல் விளையாடும்போது கூப்பிட்டும் வராததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். காய்ச்சலில் செல்லம் கொடுத்ததால் வந்த திமிர்.

பொங்கல் முடிந்து அருள்பாண்டி பள்ளிக்கூடம் போனான். சளி இருந்ததால் முத்துமீனாவை இன்னும் ஒரு வாரம் நிறுத்தினாள். குல்லாவைத் துவைத்துக் கொடியில் போட்டாள். பஞ்சை எடுத்துவிட்டாள். பிள்ளை நோட்டும் பென்சிலுமாகத் தனியாகப் பாயில் உட்கார்ந்திருந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கத்தரிக்காய் அரிந்தபடியே சொற்களைச் சொன்னாள். மரம். படம். வயல். எழுதினாயா என்று கேட்டாள். பதிலில்லை. திரும்பியபோது பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டே அடுப்பு மேடைக்கு அருகில் வந்து நின்றிருந்தது.

அப்போது குக்கர் விசில் அடித்தது.

முத்துமீனாவுக்குக் குக்கர் என்றால் பயம். நடக்கப் பழகியதிலிருந்து, விசில் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். தெருவில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். இப்போது அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி விசில் நீளமாக அடித்து ஓய்ந்தது. பிள்ளை பென்சில் முனையை ஊதிப் பார்த்தது.

நாகஜோதி அடுப்பை அணைக்கவில்லை. இரண்டாவது விசில் வரும்வரை நின்றாள். மூன்றாவதும் வந்தது.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அருள்பாண்டியைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் கேட்டாள். அவன் பையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"அவளுக்குக் கேக்காதும்மா. நீ வரி சொல்லி முடிச்சதும் நான் தொடையில தட்டுவேன், என் வாயப் பாத்துச் சொல்லுவா."

"எப்ப இருந்துடா?"

"கன்னம் வீங்குச்சுல்ல, அப்ப இருந்து."

"ஏன்டா சொல்லல?"

அவன் சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்கேலைப் பார்த்தான். "சொன்னா ரெண்டு பேரையும் அடிப்பன்னு."

மதுரையில் காது டாக்டரிடம் போனார்கள். கண்ணாடி அறைக்குள் முத்துமீனாவை உட்காரவைத்துச் சோதித்தார்கள். அவள் அங்கே பாயில் உட்காருவதுபோலவே சம்மணம் போட்டு, வெளியே நின்ற எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போதிலிருந்து கேட்கவில்லை, வீக்கத்துக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சங்கிலியைப் பற்றிச் செல்வக்குமார் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"நரம்பு போயிருச்சும்மா. வலதுல ஒண்ணுமில்ல. இடதுல கொஞ்சம் இருக்கு, அதுவும் எம்புட்டு நாளைக்குன்னு சொல்ல முடியாது. மெஷின் மாட்டிப் பாக்கலாம், பெருசா எதிர்பாக்காதீங்க."

உடனே வந்திருந்தால் என்று நாகஜோதி ஆரம்பித்தாள். வந்திருந்தாலும் உறுதி கிடையாது, ஆனால் அந்த முதல் வாரங்களில்தான் ஏதாவது செய்து பார்க்க முடிந்திருக்கும் என்றார். கேட்காத பிள்ளைக்குத் தெரிந்த பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும், விடாமல் பேசவைக்க வேண்டும், அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஓர் இடத்தைச் சொன்னார். அங்கே கேட்டபோது, இடமில்லை, ஆனியில் வந்து பாருங்கள் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் நாகஜோதி பாய் விரித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்கேலை முந்தின ராத்திரியே உடைத்துக் குப்பையில் போட்டிருந்தாள். முத்துமீனாவுக்கு எதிரே முழங்கால் தொட உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். பிள்ளை உற்சாகமாகத் திருப்பிச் சொன்னது. கார்த்திகையில் மணியாகச் சொன்ன வரி. இப்போது சொற்களின் ஓரம் மழுங்கியிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சத்தமாக வந்தது. எங்கே கழன்றது என்று நாகஜோதிக்குத் தெரியும். இந்தப் பாயில்தான், அவள் கண்முன்தான்.

பால் பொங்குகிற வாசம் வந்தது. அவள் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிள்ளையின் குரல் பாதி வரியில் நின்றது.

மறுபடி பிள்ளை பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. நாகஜோதி எழுந்திருக்கவில்லை.