கரையில் நின்று வீசிய துணி

பழைய விமானம் விழுவதற்குப் புதுக் காரணம் எதுவும் கிடையாது என்று என் கணவர் ரெனிஷ் சொல்வார். அதைச் சொல்வதற்கு அவருக்கு வாய்த்த நேரம் எங்கள் சாப்பாட்டு நேரம். ஒரு கையால் சாளை மீனில் முள் எடுத்துக்கொண்டே மறு கையில் போனை வைத்து, ஏதோ ஒரு நாட்டில் எப்போதோ விழுந்த சின்ன விமானத்தின் கதையை வாசிப்பார். பெட்ரோலில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றது ஒன்று. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே மரச்சட்டம் உளுத்து இறக்கை ஒடிந்தது ஒன்று. தரையில் இறங்கி ஓடும்போது பக்கக் காற்றில் வால் சுழன்று குப்புறக் கவிழ்ந்தது ஒன்று. இதைக் கேட்டால் சோறு இறங்குமா என்று நான் கத்துவேன். அவர் நிறுத்தினால்தானே.

"எல்லாத்துலயும் கேவலமான சாவு எது தெரியுமாட்டி? சொந்தக்காரன் வீட்டு மேல வட்டம் போடியது. அம்மை நிக்கியாளா, கூட்டாளி நிக்கியானான்னு கீழ எட்டிப் பாப்பான். தாழ வருவான், மெதுவா வருவான், சரிஞ்சு திரும்புவான். எறக்கைக்குக் காத்துப் பிடி விட்டுப் போவும். தாழ இருக்கதுனால நிமித்தவும் எடம் கெடையாது. அம்புட்டுதான்."

இவ்வளவும் தெரிந்த மனுஷன் அப்படியேதான் செத்தார். சொந்த ஊரில், மாதா கோயில் கோபுரத்துக்குப் பின்னால், கருவாடு காயப்போடுகிற மணலில். ஷோ காட்டிச் செத்தவன் என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரோடு அவரைக் கல்லறையில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அம்மா, என் மாமி குளோரி, சந்தையில் யாரோ இந்த வார்த்தையைச் சொன்னதிலிருந்து மீன் விற்கப் போவதையே விட்டுவிட்டாள்.

ரெனிஷின் அப்பா மீன்பிடிக்கப் போய்க் கடலிலேயே போனவர். ரெனிஷும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் துடுப்புப் பிடித்தவர்தான். படித்துப் பைலட் ஆனபின், ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு காற்றாலை முதலாளியிடம் வேலை கிடைத்தது. அந்த முதலாளிக்குப் பணம் இருந்தது, பைத்தியமும் இருந்தது. மூடிப்போன ஏதோ ஒரு பறக்கும் கிளப்பின் கொட்டகையில் கிடந்த இரண்டு சீட்டு விமானத்தை வாங்கிப் பழுது பார்த்து, அதற்கென ஒரு ஓடுதளமும் போட்டிருந்தார். விமானத்துக்கு வயது என் அப்பாவை விடக் கூடுதல். அதன் ஒவ்வொரு போல்ட்டையும் ரெனிஷ் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஏறுவார்.

பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு ஹெலிகாப்டர் வந்து, பூத்தூவி, கோயிலை மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போனது. அன்றிலிருந்து எங்கள் ஊருக்கு உறக்கம் போயிற்று. விழாக்குழுத் தலைவர் பங்கிராஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் இருக்கிற கரமடி வலையெல்லாம் அவருடையது. பாதி ஊர் அவர் வலையைத்தான் இழுக்கிறது.

"மக்கா, நம்ம ஊருல பைலட்ட வச்சிட்டு அடுத்தவனுக்க ஊரப் பாத்து வாயப் பொளக்கணுமா?" என்றார்.

"ஹெலிகாப்டர் நிண்ண எடத்துல நிக்கும் மாமா. இது நிண்ணா விழும்" என்றார் ரெனிஷ். "கடலுல இருந்து நேரா வருவேன். பூவப் போட்டுட்டு நேரா போயிருவேன். ஒரே தடவ. வட்டம் கெடையாது. சம்மதமா?"

சம்மதம் என்றார். நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். அரசாங்கத்தில் அனுமதி வாங்கியதும் அந்த ஒரு தடவைக்குத்தான்.

இனி, எங்கள் ஊரில் துணி வீசுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கரமடி வலையைக் கரையிலிருந்து வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று இழுப்பார்கள். வள்ளத்தில் இருக்கிறவனுக்கு மீன் கூட்டம் எங்கே நிற்கிறதென்று தெரியாது. கரையில் மேட்டில் நிற்கிறவனுக்குத் தண்ணீரின் நிறம் தெரியும். அவன் தோளில் கிடக்கிற துவர்த்துத் துண்டை எடுத்து வீசுவான். இப்படி வீசினால் கிழக்கே திரும்பு, அப்படி வீசினால் கரையோரம் வா. வள்ளக்காரன் ஏன் என்று கேட்க மாட்டான். துணி அசைந்தால் கை தானாகத் துடுப்பைத் திருப்பும்.

கடைசி நாளான பத்தாம் திருவிழா அன்று பூசை முடிந்து தேர் வெளியே வந்ததும் விமானம் கடலிலிருந்து நேராக வந்தது. விமானத்தின் அடியில் கட்டிய தகரப் பெட்டியைக் கயிற்றால் திறந்து பூவைக் கொட்டினார். காற்றுக்கு யார் சொல்லிக்கொடுக்க? பூ முழுவதும் கடலுக்குப் போயிற்று. தேர்மேல் ஒரு இதழ் விழவில்லை. கூட்டம் "ச்சே" என்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

கோபுரத்து மாடியில் நின்ற பங்கிராஸ், கொஞ்ச நேரம் முன்னால் தனக்குப் போட்ட பொன்னாடையை உருவி வீசினார். கையசைப்பா அது? கரையோரம் வா, வளைத்துப் போடு என்று கரமடிக்கு வீசுகிற வீச்சு. நான் கீழே நின்று பார்த்தேன். மைக்கில் பெனிட்டோ, "நமது மண்ணின் மைந்தன் இப்போது ஆலயத்தை மும்முறை வலம் வருவார்" என்றான். பெனிட்டோ ரெனிஷின் கூட்டாளி, எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்.

பூ எங்கே விழுந்ததென்று எட்டிப் பார்த்திருப்பார். நேராகப் போய்க்கொண்டிருந்த விமானம் திரும்பியது. முதல் சுற்று வந்தார். இரண்டாவது இன்னும் தாழ வந்தார். மூன்றாவது சுற்றில் காற்று முதுகுக்கு வந்தது. முதுகில் காற்று வாங்கினால் தரை விறுவிறுவென்று ஓடும், விமானம் வேகமாகப் போவதாகத் தோன்றும், அதை நம்பித்தான் பாவிகள் இன்னும் மெதுவாக்குவார்கள் என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். இடது இறக்கை தாழ்ந்தது. அப்புறம் கோபுரம் மறைத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பெட்டியில் மீதியிருந்த பூவெல்லாம் அவர் மேலேயே கிடந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி சிவபிரசாத். பங்கு மண்டபத்தில் வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். ஃபாதர் தேரை மந்திரித்துக்கொண்டிருந்தாராம், மேலே பார்க்கவில்லையாம். மைக்கில் சொன்னது யாருக்கும் ஞாபகமில்லையாம். எடுத்த வீடியோவில் மாதா பாட்டைப் போட்டு மைக் சத்தத்தை மூடியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஊரே உட்கார்ந்து மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். பங்கிராஸ் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

"பிளேனப் பாத்தா பச்சப் புள்ளையும் கை வீசும் சார். அந்த சந்தோசத்துல வீசினேன். அவன் சின்ன வயசுலயே கொஞ்சம் ஷோக்காரனாக்கும்."

நான் பெனிட்டோ வீட்டுக்குப் போனேன். நீ மைக்கில் சொன்னதை மட்டும் அந்த ஆபீசரிடம் சொல், வேறொன்றும் வேண்டாம் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மைனி, ஊர விட்டு நான் எங்க போவேன்? எனக்க பொழப்பு அவருக்க வலையிலதான கெடக்கு. சொன்னா மட்டும் செத்தவன் திரும்பி வருவானா?"

"வரமாட்டான். அதனாலதான எல்லாத்தையும் அவன் தலையில போடியிய" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து காப்பி குடிக்கச் சொன்னாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

சிவபிரசாத் விசாரணையை முடிக்க இன்னொரு முறை வந்தபோது, நான் வேலை பார்க்கிற கோட்டாறு லேபில் லீவு சொல்லிவிட்டு அவரைக் காலையிலேயே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷூவுக்குள் மணல் ஏற, பாவம், பேசாமல் வந்தார். கரமடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பங்கிராஸ் மேட்டில் நின்று, கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமல் துவர்த்து வீசிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் போய் நின்றது அவருக்குத் தெரியாது.

"என்ன சொல்றீங்க அவங்களுக்கு?" என்று சிவபிரசாத் கேட்டார்.

"கெழக்க திரும்பச் சொல்லியேன்" என்றார் பங்கிராஸ், திரும்பிப் பார்க்காமலே. வள்ளம் திரும்பியது.

"திரும்பலன்னா?"

பங்கிராஸ் சிரித்தார். "திரும்பாம எங்க போவான்? கரையில நிக்கவன் வீசினா கடலுல நிக்கவன் திரும்பணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்பிடாது. எங்க ஊருல பால்குடி மாறாத புள்ளைக்கும் இது தெரியும்."

"அன்னைக்குக் கோபுரத்துல வீசினதும் இதேதானா?"

பங்கிராஸ் திரும்பினார். சிவபிரசாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துவர்த்து பாதியில் நின்றுவிட்டது. கடலில் வள்ளக்காரர்கள் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீச்சுக்குக் காத்திருந்தார்கள்.

"அது பிளேன் சார். இது வள்ளம்" என்றார்.

"ரெண்டுலயும் இருந்தது நம்ம ஊருக்காரன்தான மாமா?" என்றேன்.

அவர் கடலைப் பார்த்துத் திரும்பி மறுபடியும் வீசத் தொடங்கினார். வலை வீணாகிவிடக் கூடாதல்லவா.

காருக்குத் திரும்பும்போது சிவபிரசாத் நின்று ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார். "புரியுதும்மா" என்றார். "பழைய சின்ன விமானம் விழுந்த கேஸ் எத்தனையோ பாத்துட்டேன். மரம் உளுத்தது, தண்ணி கலந்ததுன்னு எதுவும் இதுல இல்ல. விமானம் நல்லா இருந்துது. தாழ, மெதுவா, திரும்பும்போது. இந்த மாதிரிக் கேஸ் எதுலயும் கீழ நின்னு கூப்பிட்டவனை யாரும் எழுதினதில்ல. சீட்ல இருந்தவனைத்தான் எழுதுவோம்."

"நீங்க எழுதுங்க சார். கூப்பிட்டாங்கன்னு ஒரு வரி போதும்" என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன். மாமிக்காகக் கெஞ்சினேன். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி எழுதியிருந்தார். அறிக்கை வந்ததும் நான் அந்த வரியைத்தான் தேடினேன். தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் திரும்பியபோது விமானி கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று முதலில் இருந்தது. அதற்குக் கீழே, தரையில் இருந்தவர்கள் உற்சாகமாகக் கையசைத்துக்கொண்டிருந்தனர் என்று இருந்தது. அவர் எழுதியதை மேலே யாராவது மாற்றினார்களா, அவரே இவ்வளவு போதும் என்று நினைத்தாரா, தெரியாது. உற்சாகமாக. அந்த வார்த்தையை நான் மாமிக்கு வாசித்துக் காட்டவில்லை. கூப்பிட்டதை எழுதியிருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

இந்த வருஷம் பத்தாம் திருவிழாவுக்கு விழாக்குழு ஹெலிகாப்டர் பிடித்தது. நானும் மாமியும் எங்கள் மொட்டை மாடியில் நின்றோம். ஹெலிகாப்டர் வந்தது, ஒரு சுற்று சுற்றிப் பூவைக் கொட்டியது. இந்த முறையும் காற்று பூவைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. கோபுரத்து மாடியில் பங்கிராஸ் புதுப் பொன்னாடையை உருவி வீசினார். அதே வீச்சு. மைக்கில் பெனிட்டோ, இன்னும் இரண்டு சுற்று வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹெலிகாப்டர் திரும்பவில்லை. பேசி வைத்திருந்த ஒரு சுற்றை முடித்துவிட்டு மேற்கே பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. அது புள்ளியாகிற வரைக்கும் பங்கிராஸ் வீசிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வீசியும் அவன் திரும்பலியே பிள்ளே" என்றாள் மாமி.

"அவன் வெளியூருக்காரன் மாமி. அவனுக்கு நம்ம துணி தெரியாது."

மாமி மாடிப் படிக்குத் திரும்பினாள்.

"அவனப் பெத்தவ குடுத்து வச்சவ" என்றாள்.